அசைந்ததா, அசைத்தாரா? தண்டுவடக் காயத்திற்குப் பின் தசை–நரம்புத் துலங்கலை அளத்தலும் தமிழ் வினைகளும்

தில்லியில் ஜங்புராப் பகுதியை ஒட்டி, பாராபுல்லா வடிகாலின் கரையில் அமைந்திருந்த குடியிருப்பு 'மதராசி கேம்ப்' எனப்பட்டது. தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற குடும்பங்கள் அரை நூற்றாண்டுக் காலம் அங்கு வாழ்ந்தன. ஆண்கள் பெரும்பாலும் கூலி வேலையும், பெண்கள் அண்டைக் குடியிருப்புகளில் வீட்டு வேலையும் பார்த்தனர். தில்லி உயர்நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து 2025 ஜூன் 1ஆம் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 370 வீடுகளில், தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்டவர்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. இக்கட்டுரைக்குக் காரணமான நிகழ்ச்சி அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அங்கு நடந்தது.

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒரு தொழிலாளியின் பொருட்டு, இக்கட்டுரையாளர் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக நிற்க நேர்ந்தது. மருத்துவர் பேசியது இந்தி. அறிக்கை இருந்தது ஆங்கிலத்தில். தொழிலாளியின் மனைவிக்கு வேலை பார்க்கும் வீடுகளில் வழங்கும் இந்திக்கு மேல் தெரியாது. ஆறாம் வாரம் எடுத்த சோதனையின் முடிவை, 'கால் நரம்பு பதில் சொல்லுது' என்று இக்கட்டுரையாளர் தமிழில் சொன்னார். வீட்டிலோ அவருடைய கால்கள் அவ்வப்போது தாமாகவே உதறிக்கொண்டிருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்த குடும்பத்தினர் உயிர் திரும்புகிறது என்று முடிவு செய்தனர். இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதை நிறுத்திவிட்டனர். 'அவரே புரண்டுக்குவாரு' என்பது அவர்கள் எண்ணம். மூன்று வாரத்திற்குள் இடுப்பின் பின்புறத்தில் படுக்கைப்புண் எலும்பு தெரியும் அளவிற்கு ஆழ்ந்துவிட்டது. தண்டுவடக் காயமுற்றோரின் உயிரைப் பறிக்க வல்ல கேடுகளுள் படுக்கைப்புண்ணும் ஒன்று என்பதை அறிந்தோர் இதன் கடுமையை உணர்வர்.

மருத்துவர் சொன்னதில் பிழையில்லை. அறிக்கையிலும் பிழையில்லை. பிழை 'பதில்' என்ற சொல்லில் இருந்தது. அது எவ்வாறு பிழையாயிற்று என்பதை விளக்க, அளக்கப்பட்டது எது என்பதை முதலிற் கூற வேண்டும்.

அளவீட்டின் இயல்பு

முழங்காலின் பின்மடிப்பில் ஓடும் நரம்பின்மீது சிறு மின்தூண்டல் தரப்படுகிறது. கெண்டைக்கால் தசையின்மேல் ஒட்டிய மின்வாய்கள், அத்தசையில் எழும் மின் மாற்றத்தைப் பதிவு செய்கின்றன. தூண்டலின் வலிமை குறைவாக இருக்கும்போது, தசையின் நீட்சியைத் தண்டுவடத்திற்கு அறிவிக்கும் உணர்நரம்பு இழைகள் மட்டுமே கிளர்ச்சி பெறுகின்றன. அக்கிளர்ச்சி தண்டுவடம் வரை ஏறி, அங்குள்ள இயக்கு நரம்புச் செல்களைத் தூண்ட, அவற்றின் வழியே இறங்கித் தசையை அடைகிறது. இந்தப் போக்குவரவுக்கு ஏறத்தாழ 30 மில்லிவினாடி ஆகும். இவ்வாறு பதிவாகும் அலையை 1910இல் விளக்கிய ஜெர்மானிய உடலியலார் பால் ஹாஃப்மன் என்பவரின் பெயரால் அது 'எச்' அலை எனப்படுகிறது. தூண்டலை மேலும் வலிதாக்கினால், தசைக்குச் செல்லும் இயக்கு இழைகளே நேரடியாகக் கிளர்ச்சியுறும். அப்போது ஏறத்தாழ 5 மில்லிவினாடியிலேயே வேறோர் அலை தோன்றும். இது 'எம்' அலை. தண்டுவடத்தை எட்டாமலேயே எழுவது இது.

தூண்டலை மேன்மேலும் கூட்டிக்கொண்டே போனால் 'எம்' வளர்ந்து ஓர் உச்சத்தில் நிலைக்கும். 'எச்' சிறிது வளர்ந்து பின் தேய்ந்து மறையும். இயக்கு இழைகளில் எதிர்த்திசையில் ஏறும் கிளர்ச்சி, தண்டுவடத்திலிருந்து இறங்கும் கிளர்ச்சியோடு மோதி அதனை அழித்துவிடுவதே காரணம். தோலின் தடிப்பும் தசையின் மெலிவும் ஆளுக்கு ஆள் வேறுபடுமாதலின், 'எச்' அலையின் உச்சத்தை அதன் தனி அளவாற் கூறாது, 'எம்' அலையின் உச்சத்தோடு ஒப்பிட்டு விகிதமாகவே கூறுவர்.

தண்டுவடம் கடுமையாகக் காயமுற்றவுடன் காயத்திற்குக் கீழே அனிச்சைச் செயல்கள் ஒடுங்கிவிடுகின்றன. இதனைத் தண்டுவட அதிர்ச்சி என்பர். பின்னர் அவை படிப்படியாக மீள்கின்றன. 2004இல் டிட்டுன்னோவும் உடனாய்வாளர்களும் இதனை நான்கு கட்டங்களாக வகுத்தனர். முதல் நாள் ஒடுக்கம். அடுத்த ஓரிரு நாளில் சில அனிச்சைகளின் தொடக்க மீட்சி. ஒன்று முதல் நான்கு வாரத்தில் மிகையின் தொடக்கம். ஒரு மாதம் முதல் ஓராண்டு வரை நிலைத்த மிகையும் விறைப்பும். 'எச்' அலை இவ்வரிசையில் முந்தி வருவது. முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டிப் பெறும் உதைப்போ மிகவும் பிந்தி வருவது. காயம் நாட்பட்டோரிடம் மற்றொரு மாற்றமும் காணப்படும். நலமுடையோரிடம் தூண்டலை வினாடிக்கு ஒன்றாக விரைவுபடுத்தினால், பத்து வினாடிக்கு ஒன்றாகத் தரும்போது கிடைப்பதைவிட 'எச்' அலை வெகுவாகச் சிறுக்கும். நாட்பட்ட காயமுற்றோரிடம் இச்சிறுத்தல் குறைந்துவிடுகிறது. விறைப்பின் அளவுகோல்களுள் ஒன்றாக இதனைப் பயன்படுத்துவோர் உளர்.

இங்குக் கருதத்தக்கது ஒன்று. கெண்டைக்கால் தசையின் அனிச்சை வளைவு தண்டுவடத்தின் கீழ் நுனியை ஒட்டி அமைந்தது. காயம் அதற்கு மேலே, மார்புப் பகுதியில் இருப்பின், அவ்வளைவு தன்னளவில் பழுதின்றி இருக்கும். மூளைக்கும் அதற்கும் இடையிலான பாதை முற்றிலும் அறுபட்டிருப்பினும் 'எச்' அலை வரும், பெரிதாகவே வரும். மூளையின் கட்டுப்பாடு நீங்கியதன் அடையாளமாகவும் அப்பெருக்கம் அமையலாம். எனவே இக்கட்டுரையாளர் 'பதில் சொல்லுது' என்று அறிவித்த செய்தி, மீட்சியின் செய்தி அன்று.

பெயர்ச்சொற்களின் இடர்

பதில், மறுமொழி ஆகிய இரண்டும் பேசுவோன் ஒருவனை உள்ளடக்கிய சொற்கள். கால் பதில் சொல்கிறது என்றால், கேட்டது காலின் உடையவனுக்கு எட்டியது என்றே கேட்பவர் கொள்வர். எதிர்வினை என்பதில் பேசுவோன் இல்லை. ஆயினும் வினை செய்வோன் நிழலாக நிற்கிறான். உளவியல், கல்வியியல் நூல்களில் தூண்டல்–துலங்கல் என இணையாக வழங்கும் 'துலங்கல்' இவ்விடத்திற்குப் பொருத்தமானது. துலங்குதல் விளங்கித் தோன்றுதல்; அதற்குத் தோன்றும் பொருள் போதும், ஆள் வேண்டா. ஆயினும் மதராசி கேம்ப் வீட்டில் அச்சொல்லைச் சொல்லியிருந்தால் என்ன விளங்கியிருக்கும் என்ற வினா எழுகிறது. அதற்கு விடை பின்னர் வரும்.

அனிச்சை என்ற சொல் இச்சையின்மையைக் குறிப்பது. அனிச்ச மலரோடு இதனைத் தொடர்புபடுத்தி, தொட்டவுடன் சுருங்குவது எனப் பொருள் கூறும் மாணவர் உண்டு. அது ஒலி ஒப்புமையால் விளைந்த மயக்கம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைத் தெறிவினை என்கின்றன. தமிழகத்தார் தண்டுவடம் என்பதை அவர்கள் முண்ணாண் (முள் + நாண்) என்பர். தெறிவினை நிகழ்ச்சியின் போக்கைக் காட்டுகிறது: பட்டது தெறித்து மீள்கிறது. அனிச்சையோ அதில் இல்லாத ஒன்றை, அதாவது விருப்பத்தை, மறுத்துக் கூறுகிறது. உடலியல் பாடத்திற்கு முன்னதே சிறந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆனால் தண்டுவடக் காயமுற்றவரின் குடும்பத்தார் அறிய வேண்டுவது விருப்பம் அதில் உண்டா இல்லையா என்பதே. அவ்விடத்து அனிச்சை முந்துகிறது. ஒரே கருத்துக்கு இரு நாட்டில் இரு சொல் நிற்பதைக் குறையென்றே எண்ணிப் பழகிவிட்டோம். இரண்டும் இருவேறு இடங்களிற் பயன்படுவதைக் காணும்போது அவ்வெண்ணம் தளர்கிறது.

நரம்பு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு. பழந்தமிழில் யாழின் தந்தியாக நின்ற இச்சொல், இன்றைய பேச்சில் குருதிக்குழாயையும் குறிக்கிறது. ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்பது எங்கும் கேட்பது. இந்தியின் 'நஸ்' என்பதும் இவ்விரு பொருளும் உடையது. இரு மொழியிலும் மயக்கம் ஒன்றாகவே இருப்பதால், மொழிபெயர்ப்பில் அது வெளிப்படாமலேயே கடந்துவிடுகிறது. 'நஸ் தப் கயீ' என்பதை 'நரம்பு அழுந்திப்போச்சு' எனச் சொல்லக் கேட்டு, எண்ணெய் தேய்த்தால் இரத்த ஓட்டம் வரும் என்று முடிவு செய்தவர்களை அக்குடியிருப்பிலேயே காண முடிந்தது.

வினைகள் தரும் தெளிவு

படுக்கைப்புண்ணுக்குப் பின் நடந்த மறுபரிசோதனையில், தொழிலாளியின் மகளும் உடனிருந்தாள். பள்ளியில் படிக்கும் சிறுமி. வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் பேசி வளர்ந்தவள். மருத்துவர் இந்தியில் கூறியது இது: பைர் ஹில் ரஹா ஹை, வே ஹிலா நஹீம் ரஹே. உடனே அவள் தாயிடம், 'அம்மா, காலு அசையுது. அப்பா அசைக்கல' என்றாள். தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 'அப்ப அது தானா ஆடுறதுதானா' என்று கேட்டார். ஆறாம் வாரத்தில் இக்கட்டுரையாளர் நான்கு சொற்களால் கெடுத்ததை அவள் இரண்டு வினைகளால் சரிசெய்தாள்.

தன்வினை, பிறவினை என மரபாகக் கூறப்பட்ட இவ்வகை இணைகளை, கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை எனப் பெயரிட்டு விளக்கினார். வினையின் விளைவு எழுவாயைச் சேர்வது இயங்குவினை. எழுவாயின் செயல் வேறொன்றைச் சார்வது இயக்குவினை. அசைந்தது–அசைத்தார், மடங்கிற்று–மடக்கினார், நீண்டது–நீட்டினார், இறுகிற்று–இறுக்கினார் என இவ்விணைகள் உடலியக்கம் முழுவதையும் தழுவி நிற்கின்றன. தண்டுவடக் காயத்தின் அளவீடு வேண்டுவதும் துல்லியமாக இவ்வேறுபாட்டையே. ஆங்கிலத்தில் அசைதலுக்கும் அசைத்தலுக்கும் வினை ஒன்றே. ஆதலின் அம்மொழியார் தன்விருப்பமான, தன்விருப்பமல்லாத என்ற அடைகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. நாமோ அவ்வறிக்கைகளை மொழிபெயர்க்கும்போது அசைவு, இயக்கம், சுருக்கம் எனப் பெயராக்கி, நம் மொழி இயல்பாகத் தரும் வேறுபாட்டை முதலில் இழந்துவிட்டு, பின் அவர்களுடைய அடைகளைக் கடன் வாங்கி அதனை ஈடுசெய்ய முயல்கிறோம். 'தன்னிச்சையான தசைச் சுருக்கம் காணப்படவில்லை' என்பது இவ்வாறு பிறந்த தொடர். 'அவரால் தசையைச் சுருக்க இயலவில்லை' என்பதில் எதுவும் குறைந்துவிடவில்லை. அதுமட்டுமன்று, பேச்சுத் தமிழில் தன்னிச்சையாக என்பது தானாக, தன்போக்கில் என்றும் பொருள்படும். தன்னிச்சையாகக் கால் உதறுகிறது என்று எழுதப்பட்டால், மருத்துவர் கொள்வதற்கு நேர் எதிரான பொருளைக் குடும்பத்தார் கொள்வர்.

பன்னாட்டு வகைப்பாட்டு முறையில் தசை வலிமைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் தரப்படுகிறது. ஒவ்வொரு கையிலும் காலிலும் ஐந்து முதன்மைத் தசைகள் சோதிக்கப்படுவதால், மொத்த மதிப்பெண் 100. இதில் 0க்கும் 1க்கும் இடையிலுள்ள கோடே மிக நுண்ணியது. மூட்டு அசையாவிடினும், சொன்னவுடன் தசை இறுகுவது கண்ணுக்கோ விரலுக்கோ தெரிந்தால் 1. கட்டில் அதிரக் கால் உதைத்தாலும், அது அனிச்சையாயின் 0. எட்டாம் மாதச் சோதனையில் அத்தொழிலாளியின் வலத் தொடையில் மருத்துவர் விரல் வைத்து மும்முறை கட்டளையிட்டார். மும்முறையும் இலேசான இறுக்கம் தென்பட்டது. மதிப்பெண் 1. 'கால் அசையல. ஆனா சொன்னப்ப அவர் தொடைய இறுக்கினாரு' என்று இம்முறை இக்கட்டுரையாளர் கூறினார். ஆறாம் வாரத்தில் ஊரெல்லாம் கூடிப் பார்த்த உதறலுக்கு இல்லாத மதிப்பு, வேறு யார் கண்ணிலும் படாத இவ்விறுக்கத்திற்கு இருந்தது.

ஆயினும் வினை வடிவத்தை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. 'காலை இழுக்குது' என்பதில் இயக்குவினை உண்டு, செய்வோன் இல்லை. 'கால் மடக்கிக்கிச்சு' என்பதில் மடக்கு என்ற இயக்குவினை, கொள் என்ற துணைவினையோடு சேர்ந்து, தானே நிகழ்ந்ததைக் காட்டுகிறது. 'துடிக்கிறது' என்பதற்கோ, விருப்பத்தோடு செய்வதைக் காட்டும் இணையே வழக்கில் இல்லை. ஆகவே விதியைச் சற்றுக் குறுக்கிக் கூற வேண்டும்: ஆள் எழுவாயாகவும், உறுப்பு இரண்டாம் வேற்றுமையிலும் நின்று, இயக்குவினை முற்றாகவும் வந்தாலன்றி அத்தொடர் விருப்பத்தை உறுதியாகக் காட்டாது. நோயாளி தம் நிலையைத் தாமே கூறும்போது மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டியதும் இதுவே. 'கால மடக்கிக்குது' என்றாரா, 'கால மடக்குறேன்' என்றாரா என்பது பிசகினால் மதிப்பெண்ணே பிசகும்.

முயற்சியைக் கூறும் தொடர்களிலும் இத்தகைய நுட்பம் உண்டு. 'எழுந்து பார்த்தான்' என்றால் எழுந்தான் என்பது அதில் அடங்கும். 'எழுந்திருக்கப் பார்த்தான்' என்றால் பெரும்பாலும் எழவில்லை. தசை மின்பதிவில் நோயாளி முயலும்போது எழும் குறியே முதன்மையானது. கால் அசைந்ததா என்பது அடுத்தது. ஆகவே கட்டளை 'அசைக்கப் பாருங்க' என்றும், அறிக்கை 'அசைக்க முயன்றபோது' என்றும் அமைதல் வேண்டும். 'அசைத்துப் பார்த்தபோது' என எழுதினால், இல்லாத அசைவு அறிக்கையில் ஏறிவிடும்.

உணர்வைச் சோதிக்கும் வினாக்கள் தனியாக ஆராயத்தக்கவை. இங்கு ஒன்றிரண்டே கூற இயலும். உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களில், பஞ்சாலும் ஊக்காலும் தொட்டு, கன்னத்தில் அறிவதோடு ஒப்பிட்டு 0, 1, 2 என மதிப்பிடுவர். ஊக்கின் முனையையும் மழுங்கிய பக்கத்தையும் பிரித்தறிய இயலாதவர்க்கு, ஏதோ படுவது தெரிந்தாலும் 0 தான். கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் 'தெரியுதா?' என்று கேட்ட ஒருவரிடம், 'கண்ண மூடச் சொன்னீங்களே, எப்படித் தெரியும்' என்று நோயாளி கேட்டது உண்டு. 'குத்துதா?' என்ற வினாவுக்கோ, மருத்துவரை ஏமாற்றக் கூடாது என்ற மரியாதையால் 'ஆமா' என்பதே விடையாக வந்துவிடுகிறது. 'முனை படுதா, மொண்ணை படுதா?' என இரண்டையும் முன்வைத்துக் கேட்டபோது அவ்விடர் குறைந்தது. மரத்துப்போச்சு என்ற விடையையும் அப்படியே 'சுன்ன்' என இந்தியாக்குதல் ஆகாது. உணர்வின்மையையும், ஊசி ஊசியாகக் குத்துவதையும் அது ஒருங்கே குறிக்கும். இரண்டும் மதிப்பெண்ணில் ஒன்றல்ல.

துலங்கலும் அசைத்தலும் நெருங்கும் இடம்

இதுவரை கூறியது அனிச்சை ஒருபுறம், விருப்பம் மறுபுறம் எனத் தெளிவாகப் பிரியும் என்ற எண்ணத்தைத் தந்திருக்கலாம். அளவீட்டு முறைகள் வளர்ந்த பின் அக்கோடு அத்துணைத் தெளிவாக இல்லை. 1985இல் ஷெஃபீல்டில் பார்க்கரும் உடனாய்வாளர்களும், மண்டைக்கு வெளியே காந்தப்புலத்தால் மூளையைத் தூண்டித் தசையில் துலங்கலைப் பெறும் முறையை அறிமுகப்படுத்தினர். மூளையிலிருந்து தசை வரையுள்ள பாதையில் ஏதேனும் எஞ்சியுள்ளதா என்பதை இது காட்ட வல்லது. இதற்கு 'எச்' அலையைப் போலன்றி மீட்சியோடு நேர்த்தொடர்பு உண்டு. ஆயினும் இதுவும் நோயாளி அசைத்ததன்று. முற்றிலும் செயலிழந்தோர் என மருத்துவச் சோதனையில் முடிவு செய்யப்பட்டவர்களுட் சிலரிடம், மூளையின் செல்வாக்கு மின்பதிவில் மட்டும் தென்படுவதை டிமிட்ரியேவிச் குழுவினர் சுட்டிக்காட்டினர். முழுமையுமன்று, குறைவுமன்று என்ற இந்நிலைக்கு அவர்கள் ஆங்கிலத்திலேயே புதுச்சொல் ஆக்க வேண்டியிருந்தது. தமிழில் 'மறைதொடர்புடைய காயம்' எனலாம் என்பது இக்கட்டுரையாளரின் பரிந்துரை. சிறந்தது கிடைப்பின் மாற்றிக்கொள்ளலாம்.

'எச்' அலையும் வெறும் அளவுகோலாகவே நின்றுவிடவில்லை. அலையின் அளவைத் திரையில் உடனுக்குடன் காட்டி, அதனைச் சிறுக்கச் செய்ய நோயாளியைப் பழக்க இயலும் என்பதை வோல்பாவும் தாம்சனும் காட்டினர். குறைக் காயமுற்றோருள் அவ்வாறு சிறுக்கச் செய்தவர்களின் நடை முன்னேறியதாக 2013இல் அவர்கள் அறிவித்தனர். விருப்பமின்மையாற் பெயர்பெற்ற அனிச்சை, விருப்பத்தின் நீண்ட பயிற்சிக்கு இடங்கொடுக்கிறது. அவ்விடத்து அனிச்சை என்ற பெயர் சற்று நெருடுகிறது. தெறிவினைக்கு அந்நெருடல் இல்லை.

இவற்றினும் சிக்கலானது 2011இல் ஹர்கெமா தலைமையிலான லூயிவில் குழுவினர் வெளியிட்ட செய்தி. கீழ்க்கால்கள் செயலிழந்த ஓர் இளைஞரின் தண்டுவடப் பகுதியில் மின்தூண்டி பொருத்தப்பட்டது. ஏழு மாதங்களுக்குப் பின் அவர் கட்டளைக்கேற்பக் காலின் சில அசைவுகளைச் செய்தார். தூண்டல் நின்றால் அது இயலாது. இங்கு அசைத்தது யார்? 'மின்தூண்டல் காலை அசைத்தது' என்பது தவறு. தூண்டல் மட்டும் இருக்க, அவர் முயலாவிடில், அவ்வசைவு நிகழவில்லை. 'அவர் காலை அசைத்தார்' என்பது உண்மையில் பாதி. 'மின்தூண்டலால் காலை அசைத்தார்' என்று எழுதத் தோன்றும். ஆனால் மூன்றாம் வேற்றுமையின் ஆல் உருபு கருவியையும் குறிக்கும், காரணத்தையும் குறிக்கும். காரணமாகக் கொண்டால் இளைஞரின் விருப்பம் மறைந்துவிடும். மதராசி கேம்ப் குடும்பம் போன்ற ஒன்று இத்தகைய செய்தியைப் படிக்குமாயின், கருவி வாங்கினால் கால் நடக்கும் என்றே கொள்ளும். 'தூண்டல் நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் அவர் சொன்னபடி காலை அசைத்தார். நின்றபின் அசைக்க முயன்றும் கால் அசையவில்லை' என்பது நீளமான தொடர். துலங்கல் என்ற சொல் அதில் இல்லை. மின்பதிவுத் தாளுக்கு அச்சொல் போதும், வீட்டிற்கு இத்தொடர் வேண்டும்.